பாலில் வந்த நடுக்கம்

ஆபிரகாம் லிங்கனைத் தெரியாதவர்கள் நம் வயதுக்காரர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்தோம். மகனுடைய ஆசிரியருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம் வாட்ஸப்பில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. (அதை அவர்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது, அது வேறு கதை.) ஆனால் லிங்கனின் தாயார் எப்படி இறந்தார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. ஒரு செடியால் இறந்தார். அந்தச் செடியை அவர் தின்னவில்லை. மாடு தின்றது, மாட்டின் பாலை அவர் குடித்தார்.

கால்நடைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கதை எனக்கு லிங்கனுக்காக மட்டும் பிடித்ததல்ல. ஒரு செடியைச் சரியாக அடையாளம் காண்பது என்றால் என்ன, அதற்கு ஏன் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அதுவரை யார் சொன்னதை யார் கேட்கவில்லை என்பதெல்லாம் இதில் இருக்கிறது.

1816-ஆம் வருஷம் லிங்கனின் அப்பா தாமஸ், கெண்டக்கி மாநிலத்தை விட்டுக் குடும்பத்தோடு இண்டியானாவுக்கு வந்தார். லிட்டில் பிஜன் கிரீக் என்ற ஓடைப் பக்கம் காட்டைத் திருத்திக் குடிசை போட்டார்கள். சுற்றிலும் பெருங்காடு. மேய்ச்சல் நிலம் என்று தனியாக எதுவும் இல்லை; மாடுகளை அவிழ்த்துவிட்டால் அவை காட்டுக்குள் போய் மேய்ந்துவிட்டு வரும். 1818-இல் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது அந்தக் குடியிருப்பில் நோய் கண்டது. முதலில் லிங்கனின் தாயாருக்கு உறவினர்களான தாமஸ் ஸ்பாரோ, எலிசபெத் ஸ்பாரோ தம்பதி இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த நான்சி லிங்கனும் படுத்தார். அக்டோபர் 5-ஆம் தேதி இறந்துபோனார். வயது 34. மகனுக்கு அப்போது 9 வயது. சவப்பெட்டியை அப்பாவே மரம் அறுத்துச் செய்தார்.

அந்த நோய்க்கு ஊர் ஜனங்கள் வைத்த பெயர் ‘பால் நோய்’. மாட்டுக்கு வந்தால் ‘நடுக்கம்’. மாடு தீனி எடுக்காது, தனியாகப் போய் நிற்கும், ஓட்டினால் காலும் தோளும் நடுங்கும், கொஞ்ச தூரம் நடந்து விழும், பிறகு எழாது. மனிதனுக்கு வந்தால் முதலில் அசதி, பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, கடுமையான மலச்சிக்கல். மூச்சில் ஒரு விசித்திரமான வாடை வரும். சர்க்கரை முற்றிய நோயாளியிடம் வரும் அதே அசிட்டோன் வாடைதான். கடைசியில் நினைவு தப்பும். சிலர் இரண்டு மூன்று நாளில் போய்விடுவார்கள். பிழைத்தவர்களும் மாதக்கணக்கில் தேறாமல் கிடப்பார்கள்.

ஒகையோ, இண்டியானா, இல்லினாய், கெண்டக்கி, டென்னசி, வட கரோலினா என்று அப்பலாச்சியன் மலைத்தொடரிலும் அதற்கு மேற்கிலும் குடியேறியவர்களை இந்த நோய் விரட்டியது. சில குடியிருப்புகளை ஜனங்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வட கரோலினா மலைகளில் ‘மில்க்சிக்’ என்று தொடங்கும் இடப்பெயர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஒருவரிடம் போய் “உங்கள் ஊரில் அந்த நோய் இருக்கிறதாமே” என்று கேட்டால், “எங்கள் ஊரில் இல்லை, அடுத்த ஊரில்தான்” என்பார்களாம். உண்மையைச் சொன்னால் நிலத்தின் விலை விழுந்துவிடும். இது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

இப்போது குற்றவாளியைப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ஒயிட் ஸ்னேக்ரூட். நாம் வெள்ளைப் பாம்புவேர் என்று வைத்துக்கொள்ளலாம். தாவரவியல் பெயர் அஜரடினா ஆல்டிசிமா. சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி, பார்த்தீனியம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் அடையாளம், நாம் ஒரு பூ என்று பார்ப்பது ஒரு பூ அல்ல, பல சிறு பூக்கள் கூடிய ஒரு தலை. சூரியகாந்தியில் ஓரத்தில் இதழ் போல நீண்ட பூக்கள் ஒரு வட்டம், நடுவில் குழல் போன்ற பூக்கள் ஒரு கூட்டம். வெள்ளைப் பாம்புவேரில் ஓரத்து இதழ்ப் பூக்களே கிடையாது. நடுவில் உள்ள குழல் பூக்கள் மட்டும், பால் வெள்ளையில், பஞ்சுத் துணுக்கு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட சிறு தலைகள் கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வரும்.

செடி மூன்று நான்கு அடி உயரம். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். அடி அகன்று, நுனி கூராக, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். இலைக்குக் காம்பு உண்டு. இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் எடுப்பாகக் கிளம்பும். வெயிலை விட மர நிழலும், இலை மக்கிய ஈர மண்ணும் அதற்குப் பிடிக்கும். காட்டின் உள்ளேயும் காட்டின் ஓரத்திலும் வளரும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கும். உறைபனி விழுந்ததும் கருகிவிடும்.

பார்க்க அழகான, சாதுவான செடி. இவ்வளவு தெளிவான அடையாளம் இருக்கும்போது கண்டுபிடிக்க என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் பெயரிலிருந்தே தொடங்குகிறது.

ஸ்னேக்ரூட் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு செடி இல்லை, ஏழெட்டுச் செடிகள் உண்டு. பாம்புக் கடிக்கு மருந்து என்று நம்பப்பட்ட எந்த வேருக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வர்ஜீனியா ஸ்னேக்ரூட் என்பது நம் ஈஸ்வரமூலிக்கு நெருங்கிய சொந்தம். அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நம் ஊரிலும் பாம்புக்கடி வேர் என்று கேட்டால் ஒருவர் ஈஸ்வரமூலியைக் காட்டுவார், இன்னொருவர் சர்ப்பகந்தியைக் காட்டுவார். ஒரு விவசாயி “ஸ்னேக்ரூட்தான் காரணம்” என்று பத்திரிகைக்கு எழுதினால், படிக்கிற மருத்துவர் தன் மருந்துப் பெட்டியில் இருக்கும் வேறு ஒரு ஸ்னேக்ரூட்டை நினைத்துச் சிரித்திருக்கலாம்.

தாவரவியல் பெயராவது நிலையாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1753-இல் லின்னேயஸ் இதை அஜரேட்டம் என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு யூபடோரியம் என்ற பேரினத்துக்குப் போனது. அங்கேயே இரண்டு மூன்று பெயர்கள். அவற்றில் ஒன்றுக்குக் காஞ்சொறி போன்ற இலையுடையது என்று பொருள். அஜரடினா என்ற இப்போதைய பேரினத்துக்கு மாற்றியது 1970-இல்தான்.

அடுத்த கஷ்டம், சாயலுள்ள சொந்தங்கள். போன்செட் என்று ஒரு செடி. அதே மாதிரி வெள்ளைக் கொத்துப் பூ, அதே பருவம். அது அந்தக் காலத்தில் ஜுரத்துக்குக் கஷாயம் போடும் மருந்துச் செடி. வித்தியாசம் இலையில் இருக்கிறது. போன்செட்டில் எதிரெதிர் இலைகள் காம்பில்லாமல் அடியில் ஒட்டிக்கொண்டு, தண்டு அவற்றைத் துளைத்துக்கொண்டு போவது போலத் தெரியும். அது வளர்வதும் வெயிலும் சேறுமான இடத்தில். ஒன்று நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து, இன்னொன்று நோயைக் கொடுக்கும் நஞ்சு. பூவை மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவு குழப்பத்திலும் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. காட்டில் மேயும் மாட்டுக்குத்தான் நடுக்கம் வருகிறது, திருத்திய புல்வெளியில் மேயும் மாட்டுக்கு வருவதில்லை என்று கவனித்தார்கள். கோடைக் கடைசியில் புல் காய்ந்த பிறகே வருகிறது, உறைபனி விழுந்ததும் நின்றுவிடுகிறது என்றும் கவனித்தார்கள். டென்னசி மாநிலத்தில் 1821-இலேயே, பெயர் தெரியாத ஏதோ ஒரு செடியை மாடு தின்னாமல் இருக்க வேலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. செடி எது என்று தெரியாது, ஆனால் செடிதான் என்று தெரிந்திருக்கிறது. கெண்டக்கி சட்டமன்றம் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது.

1830-களின் கடைசியில் ஒகையோ மாநிலத்தில் ஃபேயட் கவுண்டியைச் சேர்ந்த ஜான் ரோ என்ற விவசாயி, வெள்ளைப் பாம்புவேரைக் கால்நடைகளுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். நடுக்கம் வந்தது. இதுதான் காரணம் என்று அறிவித்தார். அந்தச் சமயத்தில் அந்தப் பகுதியின் மிகப் பெரிய மருத்துவர் சின்சினாட்டி நகரத்து டேனியல் டிரேக். சாதாரண ஆள் இல்லை. மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியவர், ஊர் ஊராகப் போய் நோய்களைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் இந்த நோயைப் பற்றி 1841-இல் விரிவாக ஒரு நூல் எழுதினார். அதில் ரோவின் சோதனையை ஏற்கவில்லை. பாய்ஸன் ஐவி என்ற, தொட்டால் தோல் கொப்பளிக்கும் கொடியின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். அவர் சொன்னதற்கு மதிப்பு அதிகம். விவசாயி சொன்னது ஓரமாகப் போயிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் இல்லினாய் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஹார்டின் கவுண்டியில், ராக் கிரீக் என்ற ஊரில் அன்னா என்ற பெண் இருந்தார். அன்னா பியர்ஸ் ஹாப்ஸ் பிக்ஸ்பி என்பது முழுப் பெயர். ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குப் போய்ப் பிரசவம் பார்க்கவும் பல் பிடுங்கவும் படித்துவிட்டு வந்தவர். பெண்கள் மருத்துவப் பட்டம் வாங்க முடியாத காலம் அது. ஆனாலும் ஊருக்கு அவர்தான் டாக்டர் அன்னா. பால் நோய் அவருடைய சொந்தக் குடும்பத்திலேயே உயிர்களைக் கொண்டு போயிற்று. உறைபனி விழும்வரை பாலும் வெண்ணெயும் வேண்டாம் என்று ஊருக்குச் சொன்னார். மாடுகளின் பின்னாலேயே காட்டுக்குள் போய் எதைத் தின்கின்றன என்று பார்த்தார்.

அங்கே அவருக்கு ஷானி பழங்குடியைச் சேர்ந்த ஒரு வயதான பெண்ணின் பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பாட்டிதான் வெள்ளைப் பூச்செடியைக் காட்டி, “இதுதான் மாட்டுக்கு நடுக்கத்தையும் மனிதனுக்குப் பால் நோயையும் கொடுப்பது” என்று சொன்னதாக அந்த ஊரில் சொல்லி வந்தார்கள். அன்னா அதை ஒரு கன்றுக்குட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். கன்று நடுங்கியது. பிறகு ஊர்க்காரர்களைத் திரட்டி அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வைத்தார். தன் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் வளர்த்தார். எதற்கு என்றால், வருகிறவர்களுக்கு “இதோ, இதுதான்” என்று காட்டுவதற்கு. அவருக்குத் தெரிந்திருக்கிறது, விவரித்துச் சொன்னால் போதாது, கண்ணால் பார்த்தால்தான் செடி மனசில் நிற்கும் என்று.

ஹார்டின் கவுண்டியில் நோய் குறைந்தது. ஆனால் அன்னா சொன்னதை மருத்துவ உலகம் கவனிக்கவில்லை. இந்தக் கதை வாய்மொழியாகவே ஊருக்குள் இருந்து, ஒரு மருத்துவப் பத்திரிகையில் விரிவாக வந்தது 1966-இல்தான். ஷானிப் பாட்டியின் சொந்தப் பெயரைக் கூட யாரும் குறித்து வைக்கவில்லை. அந்தப் பாட்டியின் ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1830-இல் அமெரிக்க அரசு பழங்குடியினரை மிசிசிப்பி நதிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் போட்டது. அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஒகையோவில் இருந்த ஷானி மக்கள் கான்ஸஸ் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அந்தக் காட்டில் எந்த இலை என்ன செய்யும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்களைத் துரத்திவிட்டு, அந்தக் காட்டில் குடியேறியவர்கள் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகும் எழுபது எண்பது வருஷம் இழுத்தது. கிருமிகளைக் கண்டுபிடித்த காலம் வந்ததும் எல்லா நோய்க்கும் கிருமி தேடினார்கள். 1909 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பால் நோய்க்கும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெயர் வைத்தே அறிவித்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 1908-இல், அமெரிக்க விவசாயத் துறையின் அறிக்கை ஒன்று வெள்ளைப் பாம்புவேருக்கும் நோய்க்கும் சம்பந்தம் நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டது.

இதே சமயத்தில் ஒகையோவில் சாண்டஸ்கி என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் எட்வின் லிங்கன் மோஸ்லி என்று ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். பள்ளி ஆசிரியர்தான். பிராணிகளுக்கு இந்தச் செடியை நிறுத்துக் கொடுத்து, எத்தனை நாளில் என்ன ஆகிறது என்று எழுதி வைத்தார். 1906-இல் கட்டுரை வெளியிட்டார். நஞ்சு எது என்பதில் அலுமினிய உப்பு என்று அவர் போட்ட கணக்கு தப்பாகப் போயிற்று. ஆனால் செடி எது என்பதில் அவர் உறுதியாக நின்றார். முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் தகவல் சேர்த்து, 1941-இல் முழுப் புத்தகமாகவே எழுதினார்.

பின்னால் விவசாயத் துறையே மறுபடி சோதித்து, செடியின் நஞ்சை ஒப்புக்கொண்டது. 1920-களின் கடைசியில் அத்துறையின் வேதியியல் அறிஞர் ஜேம்ஸ் கவுச் அந்தச் செடியிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பிரித்தார். நடுக்கம் என்ற சொல்லை வைத்தே அதற்கு ட்ரெமெட்டால் என்று பெயரிட்டார். லிங்கனின் தாயார் இறந்து 110 வருஷம் ஆகியிருந்தது.

சோதனைகள் ஏன் முன்னுக்குப் பின் முரணாக வந்தன என்பதும் பிறகு புரிந்தது. ட்ரெமெட்டால் கொழுப்பில் கரையும். அதனால் பாலோடும் வெண்ணெயோடும் வெளியே போய்விடும். இதன் விளைவைப் பாருங்கள்: கறவை மாடு நஞ்சைப் பாலில் இறக்கிவிட்டுத் தான் தெம்பாக நிற்கும், அதன் கன்று செத்துப்போகும், பால் குடித்த மனிதன் படுத்துவிடுவான். “மாடு நன்றாகத்தானே இருக்கிறது, பாலில் என்ன கோளாறு” என்று யாருக்கும் தோன்றும். அதோடு, எல்லா இடத்துச் செடியிலும் நஞ்சு ஒரே அளவில் இருப்பதில்லை. காய வைத்தால் வீரியம் குறையும். ஆகவே பச்சைச் செடியை வைத்துச் சோதித்த விவசாயிக்கு ஒரு பதிலும், காய்ந்த செடியை வைத்துச் சோதித்த நிபுணருக்கு வேறு பதிலும் கிடைக்க வாய்ப்பு இருந்தது. பாலைக் காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. நோய் மறைந்ததற்குக் காரணம் வேறு. காடுகள் வயலாயின, மாடுகள் வேலிக்குள் வந்தன, பல பண்ணைப் பால் ஒன்றாகக் கலந்து விற்பனைக்கு வந்தது. ஒரு மாட்டின் பாலையே தினமும் ஒரு குடும்பம் குடிக்கும் நிலை போயிற்று.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் இளஞ்சோளம்தான் ஞாபகம் வரும். மழை இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் மாட்டை விடக் கூடாது என்று நம் ஊரில் மாடு மேய்க்கும் பையனுக்குக் கூடத் தெரியும். அதில் சயனைடு இருக்கிறது என்பதை நாங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வந்தோம். வயிறு உப்பி மூச்சு வாங்கும் மாட்டுக்கு ஹைப்போ கரைசல் கொடுத்துக் காப்பாற்றவும் படித்தோம். அந்தப் படிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மாடு பிழைக்காது. ஆனால் என்னைக் கூப்பிட வந்த ஆளே வழியில், “சோளக் காட்டுல பூந்துருச்சுங்க” என்று சொல்லிவிடுவார். நோயின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது; காரணம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

வெள்ளைப் பாம்புவேர் நம் நாட்டுக் காட்டுச் செடி அல்ல. ஆனால் அதன் நெருங்கிய பங்காளி நம் மலைகளில் இருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த அஜரடினா அடினோஃபோரா என்ற செடி, அழகுச் செடியாகப் பல நாடுகளுக்குப் போய், பிறகு காட்டுக்குள் களையாகப் பரவியது. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் ஓடைக் கரைகளிலும், சாலையோர ஈரமான சரிவுகளிலும், மர நிழலிலும் அதைப் பார்க்கலாம். அதே எதிரெதிர் இலை, அதே ரம்ப ஓரம், அதே வெள்ளைப் பஞ்சுக் கொத்து. தண்டு ஊதா கலந்த நிறத்தில் ஒட்டும் தன்மையோடு இருக்கும். இதன் நஞ்சு வேறு. முக்கியமாகக் குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் பல குதிரைகள் செத்து, அந்த நோய்க்குத் தனிப் பெயரே உண்டு. மலையில் குதிரை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செடி.

நம்மில் பலர் மாடு கன்றோடு வளர்ந்தவர்கள். எதை மேய விடலாம், எந்தப் பருவத்தில் எந்தக் காட்டுப் பக்கம் ஓட்டக் கூடாது என்று நமக்கு அப்பா அம்மா சொல்லியிருப்பார்கள். பேரப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். செடியைப் பிடுங்கிக் கையில் கொடுங்கள். இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறி இருக்கிறதா, காம்பு உண்டா, பூ எந்த மாதத்தில் வருகிறது, வெயிலிலா நிழலிலா என்று காட்டுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் போனில் ஒரு படமும் எடுத்து, எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.